ஏற்காடு டூர் வேண்டாம், நைட்டுக்கு ஒரு ஆள் போடுங்க

நர்ஸ்களுக்கு மன அழுத்தம் அதிகமாகிவிட்டதாம், அதனால் எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு பேட்ச்சை வேனில் ஏற்றி ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனது. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த நாளை எங்கள் வார ஆஃபில் கழித்துக்கொண்டார்கள். நைட் டூட்டி முடித்து நேராக வேன் ஏறியவர்கள் 20 கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுத்தே கடந்தார்கள். மேலே மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தபோது பாதிப்பேர் தூங்கிவிட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் ஆள் முற்றிலும் ஓய்ந்துபோகும் நிலையை, நோய் என்று சொல்லவில்லை, சரிசெய்யாமல் விட்ட வேலையிட அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகளில் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸ் கையில் ஒரு நோயாளி கூடினாலே அவர் பர்ன்அவுட் ஆகும் வாய்ப்பு 23 சதவீதமும், ஆபரேஷன் நோயாளி அட்மிட் ஆன 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடியது. இதற்கு மூச்சுப்பயிற்சி என்ன செய்யும்?

என்னைப் போன்ற நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு, அதாவது மேற்படிப்பு படித்து டாக்டர் வேலையில் சிலதையும் செய்யும் நர்ஸ்களுக்கு, கூடுதலாக ஒரு தொல்லை. கிரிட்டிக்கல் கேரில் இரண்டு வருடம் ரெசிடென்சி மாதிரியே வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, வென்டிலேட்டர் செட்டிங், ஏபிஜி (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் டெஸ்ட்) எல்லாம் பழகி வந்தால், ஐசியூவில் எது என் வேலை, எது இல்லை என்று எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை. ரவுண்ட்ஸில் டாக்டர்கள் "சிஸ்டர், நீங்களே பாத்துக்கோங்க" என்பார்கள், ஏதாவது தப்பானால் "உங்களை யாரு செய்யச் சொன்னது?" ஸ்டாஃப் சிஸ்டர்களுக்கோ நான் பாதி டாக்டர். நடுவில் இன்சூரன்ஸ் பேப்பர், ஃபார்மசிக்கு மருந்து கேட்டு எழுதும் இன்டென்ட், வெளியே அழுதுகொண்டிருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில், எல்லாம் என் தலையில். உடம்பு வலியைவிட இந்த இழுபறிதான் ஆளைத் தின்கிறது (வீட்டில் கேட்டால் "உக்காந்து கையெழுத்துப் போடுற வேலைதானே" என்கிறார்கள், அது தனிக்கதை).

எங்கள் சார்ஜ் சிஸ்டர் அக்கா யாரிடமும் கேட்காமல் ஒன்று செய்தார். மாத ரோஸ்டரை முன்கூட்டியே ஒட்டிவிட்டார், நைட் வரிசை முடிந்தால் இரண்டு நாள் ஆஃப், அந்த இரண்டு நாளும் யாரும் போன் அடிக்கக்கூடாது, அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்டோவர் முடிந்தபின் ஒருவரையும் நிறுத்தி வைக்கக்கூடாது. அவ்வளவுதான். வேலையை விடக் கடிதம் எழுதி வைத்திருந்த ஒரு பெண் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். அப்புறம், பிராக்டிஷனர் வேலை என்னென்ன என்று நாங்களே ஒரு பக்கம் எழுதி டாக்டர்களிடம் கையெழுத்துக்குக் கொடுத்திருக்கிறோம், இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். நைட்டுக்கு இன்னொரு நர்ஸ் கேட்டதற்கு மட்டும் பட்ஜெட் இல்லையாம்.