அந்நூர்: 93ஆம் திருநாமமும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கும்

டிசம்பர் கடைசியில் ஒருவழியாகச் சூரியனின் பிம்பம் சரியான வட்டமாகவே விழுந்தது. எங்கள் வீட்டுப் பின்சுவரில், கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு சூரியன். விளிம்பு ஓரளவு கூர்மை. நடுவில் பளிச், ஓரம் போகப் போகச் சற்று மங்கல். மாஷா அல்லாஹ்!

அல்லாஹ்வின் திருநாமங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சொன்னதையும் இன்றைய அறிவியலையும் பக்கத்தில் வைத்துப் படித்து வருகிறேன். ‘ஒளி’ என்று பொருள்படும் அந்நூரில்தான் ரொம்ப நாள் நின்றுவிட்டேன். காரணம் இமாமின் ‘மிஷ்காத்துல் அன்வார்’ என்ற நூல். அதில் இமாம், கண்ணை ஏன் முழு ஒளி என்று சொல்ல முடியாது என்பதற்கு ஏழு குறைகளை எண்ணுகிறார். கண் தன்னையே காணாது, திரைக்குப் பின்னால் காணாது என்று போகும் அந்த வரிசையில் என்னைப் பிடித்து நிறுத்தியது, பெரியதைச் சிறியதாகக் காணும் குறை. சூரியன் ஒரு கேடயம் அளவுதான் தெரிகிறது, விண்மீன்கள் நீலக் கம்பளத்தில் இறைத்த தீனார்கள் போலத் தெரிகின்றன என்கிறார். கண் தவறியதை அறிவு திருத்துகிறது, ஆகவே ஒளி என்ற பெயருக்குக் கண்ணைவிட அறிவே தகுதியானது என்பது அவர் வாதம். இதை வாசித்து ‘சரி’ என்று தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அறிவு அந்தத் திருத்தத்தை எப்படிச் செய்கிறது என்று கையால் செய்து பார்க்க வேண்டும்.

சிறு துளை வழியே வரும் வெயில் எதிரே சூரியனின் பிம்பமாக விழும், பலரும் செய்து பார்த்ததுதான். பிம்பத்தின் அகலம், துளையிலிருந்து அது விழும் இடம் வரையுள்ள தூரத்தில் சுமார் 107இல் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் பெட்டியில் 18, 19 மில்லிமீட்டர் கிடைக்கும். அதில் அரை மில்லிமீட்டர் வேறுபாட்டை நம்பி எதுவும் பேச முடியாது. ரங்கூன் நகரத்துக்குள் இருக்கும் வீடுகளின் வாகு இந்த வேலைக்கென்றே அமைந்தது போல இருக்கிறது: பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம், தெருப்பக்கம் பால்கனி. எங்களுடையது நாலாம் மாடி, மேற்குப் பார்த்தது. பால்கனிக் கம்பிமேல் கண்ணாடி வைத்து உள்ளே திருப்பினால் பின்சுவர் வரை 14.6 மீட்டர் வெளிச்சம் ஓடும். கரண்ட் போன நேரம் இன்னும் வசதி, ஜன்னலை மூடினால் நல்ல இருட்டு.

முகம் பார்க்கும் கண்ணாடி இதற்கு உதவாது. ரசம் பின்னால் இருப்பதால் முன்பரப்பும் சேர்ந்து பிரதிபலித்து நிழலாக இன்னொரு சூரியன் ஒட்டிக்கொண்டு வரும். செத்துப்போன ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் தட்டை எடுங்கள். அதன் முன்பரப்பே பிரதிபலிக்கும். பழைய கம்ப்யூட்டர் சாமான் கடைக்காரர் பாதி சும்மாவே கொடுத்தார். நட்சத்திரத் தலைத் திருகுகளுக்கான ஸ்க்ரூடிரைவருக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. மேசைக் கம்ப்யூட்டருடையதைக் கேட்டு வாங்குங்கள், அது பெரும்பாலும் அலுமினியம். லேப்டாப் டிஸ்கில் பல கண்ணாடித் தட்டுகள், தவறி விழுந்தால் பொடிப்பொடி. இறுக்கிப் பிடிக்கவே கூடாது. கிளிப் போட்டால் தட்டு கண்ணுக்குத் தெரியாமல் வளையும், சுவரில் சூரியன் சப்பிப்போகும். களிமண் உருண்டைமேல் சும்மா சாய்த்து வைத்தேன்.

இப்போது துளை, அதாவது கண்ணாடிமேல் ஒட்டும் கறுப்புத் தாளில் வெட்டுவது. என் நேரமெல்லாம் இதில்தான் போனது. பெரிய துளை என்றால் விளிம்பு கரைகிறது. சிறியதாக்கினால் ஓர் எல்லைக்குப் பிறகு ஒளி தானே விரிந்து மறுபடி கரைகிறது. இந்தத் தூரத்துக்கு 5 மில்லிமீட்டர் ஒத்து வருகிறது. ஆனால் வெயில் கண்ணாடிமேல் மிகச் சாய்வாகப் படுகிறது. சுவரிலிருந்து பார்த்தால் தாளின் வட்டத் துளை வட்டமாக இராது, பாதிக்கும் கீழே சுருங்கிக் கீற்றாகத் தெரியும். அதனால் பிம்பத்தின் ஓரம் ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேறு மாதிரி மங்குகிறது. தீர்வு: துளையை 5க்கு 12 என்று நீள்வட்டமாக வெட்டுவது. சுவரிலிருந்து பார்க்க அது வட்டமாகிவிடுகிறது. லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்) தொழுகைகளுக்கு இடையில், எதிர்க்கட்டடம் மறைப்பதற்குள், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இந்தக் கணக்குச் சரிப்படும்.

துளையின் அளவு பிம்பத்தின் வடிவத்தையே மாற்றும் என்பதை ஒளியியல் அறிஞர் இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கிரகணத்தின் வடிவம் பற்றிய தன் ஏட்டில் ஆராய்ந்திருக்கிறார். துளை சிறிதானால் கிரகணச் சூரியன் பிறையாக விழும், பெரிதானால் வட்டமாகிவிடும். தாளை வெட்டி வெட்டிக் கை வலித்த பிறகுதான் அந்த மனிதரின் பொறுமை எனக்குப் புரிந்தது.

அளப்பதும் லேசான வேலை இல்லை. பிம்பம் நின்று தராது. இரண்டே நிமிடத்தில் தன் அகலம் முழுவதும் நகர்ந்துவிடும். ஆகவே நகரும் திசைக்குக் குறுக்கே அளக்க வேண்டும். அக்கா மகன் கிராஃப் தாளில் ஒரு விளிம்பைக் குறிக்க, நான் மறு விளிம்பைக் குறித்தேன். மங்கல் தொடங்கும் உள்விளிம்பு 133 மில்லிமீட்டர், மங்கல் முடியும் வெளிவிளிம்பு 143. நடுவெடுத்தால் 138. 14,600ஐ 138ஆல் வகுத்தால் 105.8. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரம். அப்போது பிம்பம் சற்றுப் பெரிதாவதால் வர வேண்டிய எண் சுமார் 105.7. அன்றைக்கு எங்கள் வீட்டில் என் வாய் மூடவே இல்லை. (கண்ணாடியிலிருந்து வரும் கதிருக்கு நேரே யாரும் கண்ணை வைக்க விடாதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளை.)

திருநாமத்துக்கு வருகிறேன். இவ்வளவு செய்தும் கையில் கிடைத்தது ஒரு விகிதம் மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் சின்னச் சூரியனும் தொலைவில் இருக்கும் பெரிய சூரியனும் என் சுவரில் ஒரே 138ஐத்தான் வரையும். அளவு தெரியத் தூரம் தெரிய வேண்டும். பழைய கிரேக்க வானியல் அறிஞர் தாலமியின் வழிவந்த இடைக்கால வானியலாளர்கள் சூரியனின் விட்டம் பூமியைப் போல ஐந்தரை மடங்கு, கொள்ளளவு 166 மடங்கு என்று வைத்திருந்தார்கள். இன்று விட்டம் 109 மடங்கு, கொள்ளளவு சுமார் 13 லட்சம் மடங்கு. தவறு வடிவியலில் இல்லை. தூரத்தை அவர்கள் சுமார் 1,210 பூமி ஆரம் என்று கொண்டார்கள். உண்மையில் அது ஏறக்குறைய 23,500.

அறிவு கற்பனையின் திரையிலிருந்தும் மயக்கத்திலிருந்தும் விடுபட்டால் தவறாது என்கிறார் இமாம். இந்த ஓர் இடத்தில் அவரோடு மரியாதையாகவே வேறுபடுகிறேன். அந்த வானியலாளர்களிடம் மயக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஓர் அளவு குறைந்தது, அறிவும் கண்ணைப் போலவே பெரியதைச் சிறியதாகக் கண்டது. இதனால் அவருடைய பெரிய வாதம் பலவீனப்படவில்லை, பலப்படுகிறது என்பது என் எண்ணம். கண்ணுக்கு மேல் அறிவு என்றால், அந்த அறிவும் இரவல் ஒளியில் பார்ப்பதுதான். தானே வெளிப்பட்டு மற்ற எல்லாவற்றையும் வெளிப்படச் செய்பவனுக்கே அந்தப் பெயர் முழுமையாகப் பொருந்தும். திருநாமங்களை விளக்கும் ‘அல்மக்ஸதுல் அஸ்னா’ நூலில் அந்நூருக்கு அவர் தரும் விளக்கமும் இதுதான்.

‘நூர் என்றால் ஃபோட்டான்’, அதாவது ஒளித்துகள், என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் நம்மில் பெருகிவிட்டார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஃபோட்டான் படைப்பு. கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்று தன் ‘தஹாஃபுத்’ நூலின் முன்னுரையில் எழுதியவர் இமாம். கணக்கைக் கணக்காகவும் திருநாமத்தைத் திருநாமமாகவும் வைத்துப் படிப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்து, குர்ஆனின் ஹஷ்ர் சூராவின் (அத்தியாயத்தின்) கடைசி ஆயத்தில் (வசனத்தில்) சேர்ந்து வரும் காலிக், பாரி, முஸவ்விர் என்ற மூன்று திருநாமங்கள். இமாம் அதற்குக் கட்டட வேலையை உதாரணம் காட்டுகிறார்: அளவு போடுபவர், கட்டுபவர், அழகுபடுத்துபவர். எங்கள் தெருவில் இப்போது எழும்பும் கட்டடத்தின் மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் அளவு போடுவதைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்நூர் இன்னும் முடியவில்லை. சூரியன் மிகத் தள்ளிப் போவது ஜூலையில். ரங்கூன் மழையில் அப்போது வெயிலைக் கண்ணால் பார்ப்பதே பெரிய காரியம். அதனால் ஏப்ரல் கடைசியில் அளக்கப் போகிறேன். பிம்பம் 135 மில்லிமீட்டர் வர வேண்டும். ஊரே கொதிக்கும் அந்த மாதத்தில் சூரியன் டிசம்பரைவிடத் தொலைவில் இருக்கிறது என்பதைத் தோலும் சொல்லாது, கண்ணும் சொல்லாது, மூன்று மில்லிமீட்டர்தான் சொல்லும். சூரியன் அப்போது நேர் மேற்கே இறங்குவதால் துளையை 5க்கு 18 என்று மறுபடி வெட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கம் ஜூலையில் வானம் பெரும்பாலும் தெளிவு என்பதால், அங்கே இருப்பவர்கள் யாராவது அளந்தால் தூரம், உள்விளிம்பு, வெளிவிளிம்பு மூன்றையும் எழுதுங்கள்; நடுவெடுத்த எண் மட்டும் போதாது.