பட்டாளத்துப் பாத்திரங்கள்

ஜனவரி 12, ஞாயிறு

செவ்வாய்ப்பேட்டையில் பழைய சாமான் கடையில் பட்டாளத்து மெஸ் டின் இரண்டு கிடைத்தன. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் செவ்வகப் பாத்திரங்கள், மடக்குக் கைப்பிடி. அடியில் தேய்ந்துபோன அம்புக்குறி, பிரிட்டிஷ் ராணுவச் சொத்து என்பதற்கான முத்திரை. காந்தம் சிறியதில் ஒட்டவில்லை, அது அலுமினியம். பெரியதில் பட்டென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளீயம் பூசிய இரும்பு. உள்பூச்சு தேய்ந்து துரு தெரிகிறது. "நாளைக்குப் போகி, இன்றைக்குப் பார்த்துப் பழையதை வீட்டுக்குள் கொண்டுவருகிறாயே" என்றார் அம்மா.

ஜனவரி 15, புதன்

சிறியதைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். சலவைச் சோடா அலுமினியத்தை அரித்துவிடும், அந்தப் பக்கமே போகவில்லை. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டதும் உள்ளே இருந்த கறுப்பு மெல்ல விலகியது. மூலையில் வெள்ளையாகப் பூத்திருந்த இடத்தை நகத்தால் வருடிப் பார்த்தேன். ஊசிமுனை அளவுக் குழிகள். ஆழமில்லை, கசிவும் இல்லை.

ஜனவரி 18, சனி

பெரியதன் வெளிப்புறத்தில் பச்சை பெயின்ட். "கிரைண்டர் போட்டால் ஐந்து நிமிட வேலை, மாமா" என்றான் மைத்துனன். சம்மதிக்கவில்லை. அந்தக் காலத்துப் பெயின்டில் காரீயம் இருக்கும். தூளாகப் பறந்தால் நுரையீரலுக்குள் போகும், அப்படியே அடுப்பில் வைத்தால் புகையாக வரும். ரிமூவர் தடவி, ஈரம் காயாமல் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டிவைத்தேன். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஜனவரி 21, செவ்வாய்

ஈயம் பூசும் பெரியவரிடம், உலோகத்தை ஒட்டவைக்கும் பற்றாசு வேண்டாம், அதில் காரீயம் கலந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். "சோற்றுப் பாத்திரத்துக்குச் சுத்த வெள்ளீயம்தான் தம்பி" என்று முந்திக்கொண்டார். துருவை முழுக்கத் தேய்த்து எடுத்து, கரி அடுப்பில் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவினார். வெண்புகை எழும்போதே ஈயக் குச்சியால் ஓர் இழுப்பு. பஞ்சால் ஒரு சுழற்று. துரு இருந்த இடமெல்லாம் வெள்ளியாக மின்னியது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

ஜனவரி 26, ஞாயிறு

ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டம். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் ஆலையில் அலுமினியமானது. அந்த மலைமேல் அலுமினியப் பாத்திரத்தில் தேநீர் போட்டது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பெரியதில் வைத்த சோறு வேகச் சற்று நேரம் பிடித்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும் என்பதால் தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றினேன். புளிக்குழம்பை எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோயிருந்தோம்; புளியை அலுமினியத்தில் கொதிக்கவிட மாட்டேன். கழுவியபோது பூச்சு கொஞ்சம் மங்கியிருந்தது, எங்கும் உரியவில்லை. இரும்பு தலைகாட்டினால் மறுபடி பெரியவரிடம் கொண்டுபோக வேண்டும்.