செட்டிபாளையத்தில் டிராக், மறுநாள் வால்பாறை: ஒரே செட் பிரேக் பேடில்

சென்னையிலிருந்து கோவைக்குக் கிளம்பும்போதே திட்டம் தெளிவாக இருந்தது. சனிக்கிழமை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்), ஞாயிறு காலை அதே காரில் பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை. நடுவில் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் கட்டை, கழற்றி மாட்டும் வேலை கிடையாது. டிரெய்லரில் கார் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் டிராக்குக்கு மட்டும் பார்த்து பேட் வாங்கலாம். வீட்டு வாசலில் நிற்கிற கார்தான் டிராக்கிலும் ஓட வேண்டும், திங்கட்கிழமை ஆபீசுக்கும் போக வேண்டும் என்றால் யோசிக்க வேண்டியது நிறைய. எனக்கு இருப்பது ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ. முன்னால் வென்டிலேட்டட் டிஸ்க் (நடுவில் காற்றுப் போக இடைவெளி உள்ள டிஸ்க்), பின்னால் டிரம்.

பேட் தேடும்போது பெட்டியில் எழுதியிருக்கும் "ரேசிங்", "ஸ்போர்ட்" போன்ற வார்த்தைகளை நான் பார்ப்பதில்லை. பேடின் ஓரத்திலோ முதுகுத் தகட்டிலோ இரண்டு ஆங்கில எழுத்து அச்சடித்திருக்கும். முதல் எழுத்து குறைந்த சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது அதிக சூட்டில். இ என்றால் உராய்வுக் குணகம் (கூடினால் பிடிப்பு அதிகம்) 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழே இறங்கினால், சூடு ஏற ஏறப் பிடிப்பு குறைகிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தச் சோதனை ஒரு சிறு துண்டை வைத்து, டிராக்கில் வரும் சூட்டுக்கு வெகு கீழே நடப்பது. அதனால் டிராக்குக்கு அது மட்டும் போதாது. தயாரிப்பாளர் தரும் வெப்பநிலை வரைபடத்தையும் பார்க்க வேண்டும். கோடு எங்கே முடிகிறது என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எங்கே தொடங்குகிறது என்பது அதே அளவு முக்கியம். முழு ரேஸ் பேட் நூறு, நூற்றைம்பது டிகிரி ஏறிய பிறகுதான் சரியாகப் பிடிக்க ஆரம்பிக்கும். காலையில் தெருமுனையில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது?

ரோடு, டிராக் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பேட்களில் ஃபெரோடோ டிஎஸ்2500, இபிசி யெல்லோஸ்டஃப் இரண்டும் அதிகம் அடிபடும் பெயர்கள். நான் போட்டது டிஎஸ்2500. சத்தம் போடும், கறுப்புத் தூசி சக்கரம் முழுக்க அப்பும். தெரிந்தேதான் வாங்கினேன்.

புது பேடை அப்படியே டிராக்குக்குக் கொண்டு போகக் கூடாது. பேடின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க் மேல் சீராக ஒட்ட வேண்டும். அதோடு, பேடுக்குள் இருக்கும் பிசின் முதல்முறை கடுமையாகச் சூடாகும்போது வாயு கக்கும். அது டிராக்கில் நடந்தால் பெடல் கெட்டியாக இருக்கும், கார் நிற்காது. அதனால் கிளம்புவதற்கு முந்தைய வாரமே, விடியற்காலை ஆளில்லாத நேரத்தில், வேகத்தை மணிக்கு எண்பது கிலோமீட்டரிலிருந்து இருபதுக்கு மறுபடி மறுபடி பிரேக் போட்டு இறக்கினேன். ஒருமுறைகூட முழுசாக நிறுத்தவில்லை. சூடான டிஸ்க்கை பேட் கவ்விக்கொண்டே நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும். அப்புறம் பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் ஆடும். "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று சொல்லி மாற்றப்படும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். இரும்பு வளைந்திருக்காது.

கரி டிராக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய எஸ். கரிவர்தன் பெயரில் அமைந்த இடம் இது. நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகியதும் அந்தக் காரில்தான். கரிவர்தன் 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்தார். டிராக் திறந்தது 2003-ல். அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று அங்கே போகும்போதெல்லாம் தோன்றும்.

டிராக்கின் நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர்தான். வேகம் பிரமாதமாக ஏறாது, ஆனால் பிரேக்குக்கு மூச்சு விட நேரமே கிடைக்காது. ஒரு வளைவில் ஏறிய சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

முதல் செஷன் முடிந்து பிட்டுக்குள் (டிராக் ஓரம் கார்கள் நிற்கும் இடம்) வந்தபோது பக்கத்துக் காரில் வந்த நண்பர் முகம் வெளிறி இறங்கினார். கடைசிச் சுற்றில் பிரேக் போயிருந்தது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"பெடல் உள்ள போயிருச்சுங்களா தம்பி, இல்ல கெட்டியா நின்னும் வண்டி நிக்கலீங்களா?"

"உள்ள போயிருச்சுங்கண்ணா. ரெண்டு மூணு தடவ மிதிச்சப்புறம்தான் வந்துச்சு."

"அப்ப பேட் மேல தப்பில்லீங்க. ஆயில் கொதிச்சிருச்சு."

இந்த ஒரு கேள்வியை டிராக்குக்கு வருகிற ஒவ்வொருவரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்காவிட்டால் பேட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சாகி உள்ளே போனால், கால் அழுத்தத்தைப் பேடுக்குக் கடத்தும் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி நிற்கிறது. எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். கால் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும். டாட் 4 என்ற தரத்தில் வரும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155 டிகிரி. நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் ஆயில் சும்மா நின்றாலே ஈரம் சேரும். விலை உயர்ந்த பேட் போட்டுப் பழைய ஆயிலோடு டிராக்குக்கு வருவது ஆபத்து. பேட் தாங்கும், ஆயில் தாங்காது. முதல் செலவு ஆயிலுக்குத்தான் செய்ய வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். நான் ஊற்றியிருந்தது மோட்டுல் ஆர்பிஎஃப் 600. புதிதில் 312 டிகிரி வரை தாங்கும். ஆனால் வருடக்கணக்கில் அதை விட்டுவைக்கக் கூடாது.

மதிய இடைவேளையில் பேச்சு டிஸ்க் பக்கம் திரும்பியது. துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஒரு காலத்துப் பேட்கள் கக்கிய வாயு வெளியேறத்தான் அந்தத் துளைகள். இன்றைய பேடுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது வார்ப்பிரும்பில் விரிசல் முதலில் துளையின் விளிம்பில்தான் பிறக்கும். அன்று ஒரு காரின் டிஸ்க்கில் துளைக்குத் துளை மயிரிழைக் கோடு ஓடியிருந்ததைத் தொட்டே பார்த்தேன். கோடு போட்ட ஸ்லாட் டிஸ்க் பரவாயில்லை, பேடின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும். பேட் கொஞ்சம் சீக்கிரம் தேயும். என் கார் அளவு எடையுள்ள காருக்கு நல்ல வார்ப்பில் வந்த சாதா வென்டிலேட்டட் டிஸ்க் போதும். சூட்டை வாங்கிக்கொள்வது இரும்பின் எடை. அதைத் துளைத்துக் குறைப்பானேன்? டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கிவிட்டால் மட்டும் யோசிக்காமல் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டினேன். நின்றதும் ஹேண்ட்பிரேக் போடவில்லை. ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கிங் நிலையில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கார் நின்ற பிறகுதான், காற்று இல்லாததால், டிஸ்க்கின் சூடு பேட் வழியாக ஆயிலுக்கு அதிகம் இறங்கும்.

மறுநாள் ஆழியாறு செக்போஸ்ட். அங்கிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. ஒன்பதாவது வளைவில் நின்று ஆழியாறு அணையைப் பார்த்தோம். பாறைமேல் வரையாடுகள் நின்றன. மேலே தேயிலைத் தோட்டம், மூடுபனி, நனைந்த ரோடு.

இறங்கும்போதுதான் கணக்குப் போட்டேன். இரண்டு பேரோடு கார் 1,250 கிலோ, இறக்கம் 700 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 8.6 மெகாஜூல் ஆற்றலை எங்கேயாவது கரைக்க வேண்டும். டிராக்கில் மணிக்கு 120 கிலோமீட்டரிலிருந்து 60-க்கு ஒருமுறை இறக்கினால் அரை மெகாஜூல். அப்படியானால் மலை முழுவதும் சேர்த்து டிராக்கின் பதினாறு, பதினேழு பிரேக்குக்குத்தான் சமம். டிராக்கில் அது சில நிமிட வேலை. மலையிலோ அரை மணிக்கு மேல் ஆகிறது, அதிலும் இரண்டாவது கியரில் வந்தால் பெரும்பங்கை இன்ஜினே வாங்கிக்கொள்கிறது. அதனால் பிரேக் கிட்டத்தட்ட ஆறியே இருக்கும். அந்த நேரத்தில் ஒரு வளைவில் அரசுப் பேருந்து ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. ஈரமான, ஆறிய டிஸ்க்கில் பேட் முதல் மிதியிலேயே பிடித்தது. நல்ல தூரம் விட்டே நின்றோம். ரேஸ் பேடாக இருந்திருந்தால் அந்த மிதியை நம்பியிருக்க மாட்டேன். டிராக்கில் ஒன்றிரண்டு நொடி பின்தங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு வேலைக்கும் ஒரே பேட் என்றால் இந்த ஆறிய மிதிக்கு ஏற்றதாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அது தாங்கும் சூட்டுக்குள் டிராக்கில் ஓட்டிக்கொள்ளலாம்.

பொள்ளாச்சியில் சக்கரத்தின் வழியே டார்ச் அடித்துப் பார்த்ததில் பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிடக் கொஞ்சம் மெலிவு. ரோட்டுக்கு இன்னும் நெடுநாள் வரும். அடுத்தது இருங்காட்டுக்கோட்டை. 3.7 கிலோமீட்டர் டிராக், வேகமும் அதிகம். பேட் மெலிந்தால் சூடு ஆயிலை எட்டுவதும் சீக்கிரம். அங்கே போவதற்குமுன் பாதிக்குக் கீழே வந்துவிட்டால் புது செட் போட்டுவிடுவேன். ஆயில் எப்படியும் புதுசுதான்.