எந்த அமீபா என்று யாரும் சொல்லவில்லை

இரண்டு ஆண்டுகளாக மலத்தில் இரத்தமும் சளியும் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர் லேபில் ஒவ்வொரு முறையும் ஒரே சீட்டுதான்: ‘எண்டமீபா ஹிஸ்டோலிடிகா சிஸ்ட் காணப்படுகிறது’. அதாவது, குடலை அரிக்கும் ஓர் அமீபாவின் கூடு மலத்தில் இருக்கிறதாம். நான்கு தடவை அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிட்டேன். நாள் முழுக்க வாயில் இரும்பாணியைச் சப்பியது போன்ற ருசி. கொஞ்சம் அடங்கும், மாதம் திரும்புவதற்குள் மறுபடியும் தொடங்கிவிடும். பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கிக் கழிப்பறை தேடியிருக்கிறேன்.

கடைசியில் மதுரையில் ஒரு குடல் மருத்துவர், கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோபி செய்தார். பெருங்குடல் முழுக்கப் புண். “அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் போலத் தெரிகிறதம்மா. ஆனால் அமீபா இல்லை என்று உறுதியாகாமல் ஸ்டீராய்டு தர மாட்டேன்” என்றார். அது தொற்றால் வருவதல்ல, பெருங்குடலில் நீண்டநாள் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய்; அந்த அழற்சியை அடக்கத்தான் ஸ்டீராய்டு. உண்மையிலேயே அமீபா இருந்து ஸ்டீராய்டும் உள்ளே போனால், நோய் முற்றிக் குடல் ஓட்டையாகிவிடக்கூடுமாம். குடலிலிருந்து எடுத்த சதைத் துண்டில் அமீபா தென்படவில்லை; ஆனாலும் சில வேளை கண்ணுக்குத் தப்பிவிடும் என்றார்.

“லேபில்தான் பார்த்துச் சொல்லிவிட்டார்களே?” என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஹிஸ்டோலிடிகாவுக்கு டிஸ்பார் என்று ஓர் இரட்டை உண்டு. மைக்ரோஸ்கோப்பில் இரண்டின் சிஸ்ட்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஹிஸ்டோலிடிகா குடலை அரிக்கும். டிஸ்பார் சும்மா குடியிருந்துவிட்டுப் போகும். 1993இல் இவற்றை முறையாகத் தனி இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். சிஸ்ட்டைக் கண்டதை மட்டும் வைத்து ஹிஸ்டோலிடிகா என்று எழுதக் கூடாது என்று 1997இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியாயிற்று. எனக்கு மட்டும் சீட்டில் அந்தப் பெயரே வந்துகொண்டிருந்தது. உங்களுக்கும் இப்படித் திரும்பத் திரும்ப வந்தால், எந்த அமீபா என்று தயங்காமல் கேளுங்கள்.

பிரித்தறிய பி.சி.ஆர். என்ற பரிசோதனை வேண்டும். அந்தந்த இனத்துக்கே உரிய மரபணுத் துண்டு மலத்தில் இருந்தால் அதைச் சுற்றுக்குச் சுற்று பெருக்கிக் காட்டிவிடும். மூடியிலேயே சிறு கரண்டி வைத்த டப்பா கொடுத்தார்கள். “ஃபார்மலின் ஊற்றிய டப்பா வேண்டாம் அக்கா, மரபணு கெட்டுவிடும். ஐஸ் வைத்துக் கொண்டுவாருங்கள்” என்றாள் லேபில் இருந்த பெண். கடைசி மாத்திரை போட்டு எத்தனை நாளாயிற்று என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. ஹிஸ்டோலிடிகா இல்லை. டிஸ்பார் உண்டு. வயிற்றுப்போக்கு தரும் மற்ற ஒட்டுண்ணிகளான ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் இல்லை. மருத்துவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்து வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அன்று மாலையே ஸ்டீராய்டும், குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைனும் தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் இரத்தம் நின்றது. அந்தத் திங்கட்கிழமை பள்ளி வாசல் வரை பஸ்ஸை விட்டு இறங்காமல் போனேன்.