முன்சுவர்ச் செங்கல் மாற்றல்: மேல் இடுக்கு இரண்டாம் தடவைதான் பிடித்தது

கிளிநொச்சியில் பூசாத செங்கல் முன்சுவர். 9 அங்குலச் சுவர், 15 அடி நீளம். அடியில் 6 வரி உப்பரித்து, கைபட்டாலே தூளாகக் கொட்டியது. அந்த வரிகளின் வெளிப்பக்கக் கல்லை எடுத்துப் புதுக்கல் வைக்கிறோம். ஒரேயடியாக எடுத்தால் மேல்சுவருக்குத் தாங்கல் இராது, அதனால் இரண்டரை அடித் துண்டாக ஆறு. 1, 3, 5 முதலில், 2, 4, 6 பிறகு. இப்போது நாலு முடிந்தது. 1உம் 3உம் காய்ந்ததும் புதுக்கல்லுக்கும் மேலே உள்ள பழைய வரிக்கும் நடுவில் மயிரளவு வெடிப்பு விட்டது. அந்த இரண்டு துண்டின் மேல் இடுக்கையும், அதாவது புதுக்கல்லுக்கும் பழைய வரிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, கிண்டி எடுத்துத் திரும்ப அடைத்தாயிற்று.

பிழை சாந்தில். கல் வைத்த அன்றைக்கே, அதே தண்ணிச் சாந்தால் மேல் இடுக்கையும் நிரப்பியது. காயக் காய அது சுருங்கும், கீழே வைத்த வரிகளும் கொஞ்சம் அமரும். பிறகு மேல்சுவரின் பாரம் புதுக்கல்லில் இறங்காது.

5ஆம் துண்டில் மேல் இடுக்கை வெறுமையாக விட்டு, கூரை ஓட்டுத் துண்டுகளை ஆப்பாக இறுக்கி, இரண்டு நாள் பொறுத்தோம். அடைக்கிற கலவை 1 சீமெந்து, 3 மணல். பிடித்தால் உருண்டையாக நிற்கவேணும், விரலிடுக்கில் தண்ணி கசியக்கூடாது. இடுக்கைவிட மெல்லிய தட்டை இரும்பை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிச் சுத்தியலால் இடிக்கவேணும். சத்தம் தொப்பென்று இருந்தால் உள்ளே இன்னும் வெற்றிடம். கல்லில் அடிப்பதுபோல் கணீரென்றால் நிறைந்துவிட்டது. ஒரு துண்டுக்கு ஒரு மணித்தியாலம் போகும், போகட்டும்.

மற்ற இடுக்குகளுக்கு 1 சீமெந்து, 1 நீறிய சுண்ணாம்பு, 6 மணல். பழைய இடுக்குகளைத் தனிச் சீமெந்தால் கெட்டியாகத் தீற்றியிருந்தார்கள். ஈரம் இடுக்கால் வெளியேற வழியில்லாமல் கல்லால் வெளியேறி, உப்பு கல்லின் முகத்துக்குள் படிந்து அதை உரித்துவிட்டது. முற்றத்து மண்ணும் சுவரில் ஏறிக் கிடந்தது. அதைத் தாழ்த்தாமல் புதுக்கல் வைப்பது வீண்.

குறுக்குக் கல் வரிகளில் (கல்லின் குறுகிய முகம் வெளியே தெரியும் வரிகள்) அரைக்கல்தான் வைப்பது, நாலுக்கு ஒன்று முழுக்கல்லாக உள்ளே போகவேணும். இல்லாவிட்டால் முன்தோல் தனியே நிற்கும். முழுக்கல் போகும் இடத்தில் உட்பூச்சு தெறிக்கத்தான் செய்யும். கணக்குக்கு 135 கல், அரைக்கல் வெட்டும்போது உடைவதால் 160 எடுப்பது நல்லது. ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தே வாங்குங்கள், சூளை ஓரத்துக் கல் வேகாமல் மந்தமாகச் சத்தம் போடும். மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண் ஒரு காலம் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே போனது. வன்னியில் மண்ணுக்குக் குறையில்லை, வேக்காட்டில்தான் குறை.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது நனைக்காத கல் சாந்தின் தண்ணியை உடனே உறிஞ்சிவிடும். குமிழி நிற்கும்வரை வாளியில் ஊறவிட்டு, மேற்பரப்பு வற்றியதும் வைக்கவேணும். பிறகு ஏழு நாள் ஈரச்சாக்கு. வெளியே பூக்கும் உப்பைக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

யன்னலடித் தட்டின் கீழ் நீர் சொட்டும் தவாளிப்பு வெட்டுகிற எண்ணமும் இருக்கிறது, இப்போது மழைத்தண்ணி சுவரோடு வழிகிறது. 4உம் 6உம் ஐப்பசி மழைக்கு முன் முடியவேணும். 4க்கு ஓட்டுத் துண்டு உடைத்து வைத்தாயிற்று.