ரெண்டாவது பொட்டு

எம்.எஸ்ஸி ப்ராஜெக்ட்டுக்கு ஒளிபட்டால் மாறும் திரவப் படிகம் (லிக்விட் கிரிஸ்டல்) செய்யப் போறேன் என்றதும் எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, கேட்டது, "ஐஸு கிடைக்குமா அம்மிணி?" பவானிச் சாயப்பட்டறையில் வெந்தவர். நாப்தால் சாயத்துக்கு நைட்ரைட்டும் ஆசிடும் கலக்கையில் வாளியில் ஐஸ்கட்டி மிதக்கணும் என்பது அவர் பாடம். என் படிகத்துக்கு வேண்டிய அசோபென்சீன் சாயத்துக்கும் அதே வேதியியல்தான்.

கோயமுத்தூர் சித்திரை வெயிலில் அதைக் கோட்டை விட்டேன். மூலப்பொருளான பென்சோகெயினை ஆசிடில் கரைத்து நைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஐஸ் கரைந்தது கண்ணில் படவில்லை. நைட்ரஜன் நுரைத்துப் போய், காபிக் கசடு மாதிரி ஒரு பிசின் மிஞ்சியது. மறுநாள் ஐஸோடு கல்லுப்பும் போட்டேன். காரம் சேர்த்த பீனாலில் ஊற்றினதும் குப்பென்று ஆரஞ்சு.

ஆக்டைல் புரோமைடு வாலை ஒட்டவைக்க ஒரு ராத்திரி ரிஃப்ளக்ஸ், அதாவது ஆவி வெளியே போகாமல் கொதிக்க வைப்பது. அதில் கதை இல்லை.

கதை டிஎல்சி தட்டில்; கலவையில் எத்தனை பொருள் என்று பொட்டுப் பொட்டாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா பூசின தட்டு அது. ஒரு பொட்டு வரவேண்டிய இடத்தில் ரெண்டு. சிலிக்காவில் விட்டுப் பிரித்தேன், ரெண்டு. எத்தனாலில் மறுபடிகமாக்கினேன், அப்பவும் ரெண்டு. "சுத்தம் பத்தலைம்மா" என்றார் கைடு. பத்து நாள் இப்படியே போச்சு. கடைசியில் சீனியர் அக்கா ஒருத்தர், "கரைசலை எங்கெ வெச்சிருந்தே?" என்று கேட்டார். ஜன்னலோரம்தான்.

அலுமினியத் தாள் சுற்றி ரெண்டு நாள் இருட்டில் வைத்தேன். கீழ்ப்பொட்டு காணோம்!

நேராக நீண்டிருக்கும் டிரான்ஸ் மூலக்கூறு வெளிச்சத்தில் மடங்கி சிஸ் ஆகிறது. சிஸ்ஸுக்கு முனைவுத்தன்மை கூடுதல், சிலிக்காவில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். 1937-ல் ஹார்ட்லி சிஸ்ஸைக் கண்டதும் வெளிச்சம் பட்ட கரைசலில்தான். அழுக்கென்று நான் கழித்துக் கொட்டினது, நான் செய்ய வந்த பொருள் வேலை செய்த அடையாளம்.

அப்புறம் 5சிபி என்கிற திரவப் படிகத்தில் அதை 5 சதவீதம் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். 5சிபி 35 டிகிரியிலேயே மூலக்கூறு வரிசை குலைந்து சாதா திரவமாகத் தெளிந்துவிடும். எங்க லேப் வெக்கைக்குச் சூட்டுத்தட்டைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். குறுக்காக வைத்த ரெண்டு போலராய்டுக்கு நடுவே வண்ணவண்ணமாக நெளிந்துகொண்டிருந்தது. 365 நானோமீட்டர் டார்ச்சை அடித்தேன். மடங்கின மூலக்கூறுகள் வரிசையைக் குலைக்க, நடுவிலிருந்து கறுப்பு பரவி எல்லாம் அணைந்தது. நீல விளக்கு அடித்ததும் வண்ணம் திரும்பியது.

போனில் எடுத்த வீடியோவை அப்பிச்சியிடம் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்துவிட்டு, "வெளிச்சம் பட்டா ஓடிப்போற கலரை எவன் அம்மிணி வாங்குவான்?" என்றார்.