அண்ணன் மகளின் லேப்டாப்

நவம்பர் 8, 2025, சனி

அண்ணன் மகள் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "அத்தை, மதர்போர்டு போயிடுச்சாம். கடையில சொல்லிட்டாங்க. புதுசு வாங்கிக்குங்கன்னாங்க." அவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. 2015 வெள்ளத்தின்போது பரண்மேல் இருந்ததால் பிழைத்தது. இவள் இப்போது தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரியில் பி.ஏ. தமிழ், முதலாண்டு. புதிது வாங்கும் நிலையில் அண்ணன் இல்லை.

ஆன் செய்து பார்த்தேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது. மதர்போர்டு போயிருந்தால் இவ்வளவு தூரம் வராதே என்று பட்டது. தேதி 2012 என்று காட்டியது. சரிசெய்து அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போட்டால் திரும்பவும் 2012. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மறித்தது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். மெஷின் தன்னை 2012-ல் இருப்பதாக நினைத்தால் எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காததாகத்தான் தெரியும். மெஷின் அணைந்திருக்கும்போதும் உள்கடிகாரத்தை ஓட்டுவதற்குப் போர்டில் இருக்கும் சின்ன சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். சில பத்து ரூபாய் சாமான்.

இன்னும் இரண்டு நோய்கள். சூடு 90 டிகிரியைத் தாண்டி, தானாக அணைந்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தால் கெட்டுப்போன செக்டர்கள், அதாவது தகவல் எழுதும் சிறு பகுதிகள், ஏறிக்கொண்டே இருக்கின்றன. எதையும் கழற்றுவதற்கு முன் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வெளி டிஸ்க்கில் ஏற்றினோம். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து, இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று திறந்தோம். ஸ்க்ரூ டிரைவர் அவள் கையில்தான். அவள் மெஷின், அவள் கைதான் பழக வேண்டும்.

மேஜைமேல் பழைய வெள்ளை வேட்டி விரித்தோம். விழும் ஸ்க்ரூ உருண்டு ஓடாது, கண்ணுக்கும் தெரியும். முதலில் பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிக்கச் சொன்னேன், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று. பிறகு ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அதே இடத்தில் அட்டையில் குத்தி வைத்தோம். இது சும்மா ஒழுங்குக்காக இல்லை. ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. குட்டை ஓட்டையில் நீளமானதை முடுக்கினால் அது மேல் மூடியையோ போர்டையோ குத்திவிடும். முன்பு யாரோ ரிப்பேர் செய்தபோது அதைத்தான் செய்திருக்கிறார்கள். உள்ளங்கை வைக்கும் இடத்தில் ஒரு புடைப்பு இருந்தது. "இது எப்பவும் இருக்கு அத்தை"ன்னு அவள் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இது.

மூலையில் இருந்த ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்து, தலை மழுங்கிப்போயிருந்தது. கடலூர்க் காற்றில் இது சகஜம். உப்பு எங்கும் நுழையும். அகலமான ரப்பர் பேண்டை அதன் தலைமேல் வைத்து, டிரைவரை அதன்மேல் நன்றாக அழுத்தி மெதுவாகத் திருப்பச் சொன்னேன். கொஞ்சம் அசைந்து, பிறகு வழிக்கு வந்தது.

கீபோர்டின் நாடா மாதிரியான ஃப்ளெக்ஸ் கேபிளில்தான் அவள் கை நடுங்கியது. அந்த சாக்கெட்டில் நகக்கண் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பூட்டு இருக்கும். நகத்தால் அதை நிமிர்த்திவிட்டால் கேபிள் தானாகக் கழன்று வரும். பூட்டைத் திறக்காமல் இழுத்தால் சாக்கெட்டே பெயர்ந்துவிடும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினாள். வந்துவிட்டது.

சூட்டுக்குக் காரணம் ஃபேனைத் தூக்கியதுமே தெரிந்தது. ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் அது போகாது. ஃபேன் காற்றைத் தள்ளுகிறது, காற்றுக்கு வழியில்லை. அவள் ட்வீசரால் பிடித்து இழுத்தாள். கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. பிராசசர் மேலிருந்த, சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது.

சீமாஸ் பேட்டரியை மீட்டரில் வைத்தோம். 3 வோல்ட் காட்ட வேண்டியது, 1 வோல்ட்டைக்கூட எட்டவில்லை. "இதுக்காகவா அத்தை புதுசு வாங்கச் சொன்னாங்க?" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

லாரன்ஸ் ரோட்டில் பேஸ்ட், துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போட 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மூன்றும் கிடைத்தன. ஒயரோடு வரும் சீமாஸ் பேட்டரியை ஆர்டர் போட்டிருக்கிறேன். சாதாரண சிஆர்2032-ல் ஒயரைச் சூடு வைத்துப் பற்றவைக்கக் கூடாது, லித்தியம் செல் வெடிக்கலாம்.

ரேமும் வாங்கினேன், அதில்தான் கவனம் வேண்டும். இதில் இருப்பது டிடிஆர்3எல் என்ற வகை, 1.35 வோல்ட். பழைய டிடிஆர்3 1.5 வோல்ட். இரண்டுக்கும் 204 பின், ஒரே இடத்தில் வெட்டு, அதனால் எதுவும் ஸ்லாட்டில் உட்கார்ந்துவிடும். ஆனால் 1.35 மட்டும் தருகிற போர்டில் 1.5 வோல்ட் ரேம் பெரும்பாலும் எழும்பாது. பழைய ஸ்டிக்கைக் கையோடு கொண்டுபோய், ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்று இருப்பதைக் காட்டித்தான் வாங்கினேன். கடைக்காரத் தம்பியும் பொறுமையாகத் தேடி எடுத்தார்.

நவம்பர் 15, சனி

சேர்த்துவிட்டோம். ஆல்கஹாலால் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, நடுவில் ஒரு அரிசி அளவு புதிது. ஹீட் சிங்க்கின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால்தான் அழுத்தம் சமமாக விழும். ரேமைச் சாய்வாக நுழைத்து அழுத்தினாள், இரண்டு பக்கமும் கிளிப் 'டிக்' என்றது. ஹார்ட் டிஸ்க்கின் பிராக்கெட்டை எஸ்எஸ்டிக்கு மாற்றினோம், பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், இது 7 என்றாலும் ஸ்க்ரூ ஓட்டைகள் பொருந்துகின்றன.

முன்பு நிமிஷக்கணக்கில் நேரம் எடுத்தது இப்போது சட்டென்று எழுகிறது. வேலை செய்யும்போது சூடு 70-ஐத் தாண்டவில்லை. புது சீமாஸ் பேட்டரியோடு, அணைத்துப் போட்டாலும் தேதி சரியாகவே இருக்கிறது.

இப்போது கடைகளில் மெல்லியதாக விற்கும் பல லேப்டாப்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இந்த வேலையை அதில் செய்ய முடியாது. வாங்குமுன் அடிமூடியைத் திறந்தால் ரேம் கழலுமா என்று கேளுங்கள், தயவுசெய்து.

நவம்பர் 16, ஞாயிறு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த பிராசசரை ஏற்காது. அதனால் நேற்றே எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்ததும் அவள் சங்க இலக்கியக் கட்டுரையைத் தட்டச்சத் தொடங்கிவிட்டாள்.

மெயின் பேட்டரி மட்டும் பாக்கி, அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. வாங்கும்போது லேப்டாப் மாடலோடு பேட்டரியின் முதுகில் உள்ள பார்ட் நம்பரையும் பார்க்க வேண்டும். 10.8, 11.1 வோல்ட் ஒன்றுக்கொன்று மாற்றலாம். 14.4, 14.8 வேறு ஜோடி, இதில் சேராது. அடுத்த மாதம் அண்ணன் சம்பளம் வந்ததும் பாண்டிச்சேரி போய் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.